பார்சல் டேப் பிரிவது ஏன்? – நாம் கவனிக்க வேண்டியவை

விருதுநகரிலிருந்து வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் போகின்றன. சிவகாசியிலிருந்து பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் போகின்றன. மூட்டையாகப் போகும் சரக்கை விட்டுவிட்டால், மீதி அனைத்தும் அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே பிரவுன் டேப் ஒட்டித்தான் லாரி ஏறுகிறது. போய்ச் சேரும் ஊரில் பெட்டி வாய் பிளந்து இறங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எடுத்துக்கொள்பவர் லாரி ரசீதில் "பெட்டி பிரிந்திருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். லாரிக்காரர் "பார்சல் சரியாகக் கட்டவில்லை" என்பார். குறைந்த சரக்கின் பணம் அனுப்பியவர் கணக்கில்தான் விழும்.

இப்படி நடந்தால் நாம் உடனே டேப்பைத்தான் குறை சொல்கிறோம். "மட்ட டேப்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்கு இரண்டு சுற்று கூடுதலாக ஒட்டுகிறோம். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் குறை டேப்பில் இல்லை. டேப் ஒட்டப்படும் இடத்திலும், ஒட்டும் கையிலும்தான் இருக்கிறது.

டேப் எப்படி ஒட்டுகிறது?

மைதாப் பசையும் டேப்பும் ஒரே வேலையைச் செய்தாலும், செய்யும் விதம் வேறு. மைதாப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அது காகிதத்தின் நாருக்குள் இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொள்கிறது. டேப்பில் உள்ள பசை காய்வதில்லை. அது எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அழுத்தினால் மெதுவாகப் பரவி, பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் படிந்து ஒட்டும். ஆகவே, எவ்வளவு இடத்தில் பசை நேராகப் பரப்பைத் தொடுகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு.

இதிலிருந்து ஒரு காரியம் விளங்கும். பெட்டியின் மேல் தூசு இருந்தால், டேப் பெட்டியில் ஒட்டவில்லை, தூசில் ஒட்டுகிறது. தூசு பெட்டியை விட்டு வந்தால் டேப்பும் உடன் வரும். "எண்ணெய் தடவிக்கொண்டு மண்ணில் உருண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும்" என்பது நம் பழமொழி. டேப் விஷயத்தில் எண்ணெய், மண் இரண்டுமே எதிரிகள்.

நம் கடைகளில் எதிரிகள் எவை?

முதலாவது, தூள். வத்தல் மண்டியில் மிளகாய்த் தூசு, பருப்பு மில்லில் தவிட்டுத் தூசு, மளிகைக் கடையில் மாவு. கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்திருந்தாலே போதும், டேப் பாதிப் பிடிப்பை இழந்துவிடும். ஒட்டும் இடத்தைக் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். டேப் ரோலைத் தரையில் உருள விடக் கூடாது. ரோலின் ஓரத்தில் ஒட்டும் மண், அடுத்து உரிக்கும் டேப்பின் இரு விளிம்புகளிலும் வந்து சேரும். பிரிவது எப்போதும் விளிம்பில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது, எண்ணெய். எண்ணெய் டின் மேல் லேபிள் நிற்பதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். டின்னை வெறும் துணியால் துடைத்தால் எண்ணெய் பரவுமே தவிரப் போகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர், பிறகு காய்ந்த துணி என்று மூன்று முறை துடைத்தால் லேபிள் நிற்கும். எண்ணெய்க் கையோடு டேப்பின் பசைப் பக்கத்தைத் தொடுவதும் இதே கெடுதலைச் செய்யும்.

மூன்றாவது, ஈரம். ஐப்பசி அடைமழையில் அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி மெத்தென்றாகிவிடும். அப்போது டேப் நன்றாக ஒட்டினாலும், பெட்டியின் மேல்தாள் கிழிந்து டேப்போடு வந்துவிடும். காலிப் பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குவதே இதற்கு மருந்து.

நான்காவது, பரப்பின் குணம். பாலிதீன், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் இயல்பாகவே எதையும் எளிதில் ஒட்டவிடாதவை. தாமரை இலையில் தண்ணீர் நிற்காதது போல என்று வைத்துக்கொள்ளலாம். இத்தகைய பையின் மேல் காகித லேபிள் ஒட்டுவதைவிட, லேபிளைப் பைக்குள் போடுவது அல்லது வாய்ப் பகுதியில் மடித்துப் பின் அடிப்பது நிலைக்கும்.

விலை ஸ்டிக்கர் விழுந்தால்?

இது சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பாக்கெட் செய்து விற்கும் பொருளின் மேல் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலிய விவரங்கள் இருக்க வேண்டும். நாம் ஒட்டிய ஸ்டிக்கர் தூசில் பிடிக்காமல் விழுந்துவிட்டால், ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்கு அது விவரமே இல்லாத பாக்கெட்தான். "ஒட்டினோம், விழுந்துவிட்டது" என்ற பதில் எடுபடாது. மாவு, பொடி வகைகளைப் பாக்கெட் செய்பவர்கள் முதலில் காலிப் பையில் ஸ்டிக்கரை ஒட்டி அழுத்திவிட்டு, அதன் பிறகு சரக்கை நிரப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஒட்டும் முறை

டேப்பை ஒட்டியவுடன் நீளவாக்கில் கட்டை விரலாலோ, துணி சுற்றிய மரக்கட்டையாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். நம் கடைகளில் தவறாமல் விட்டுப்போவது இதுதான். பார்சல் போடும் பையன் டேப்பை இழுத்து ஒட்டுவான், கிழிப்பான், அடுத்த பெட்டிக்குப் போவான். தேய்க்க மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடி, இன்னொரு சுற்று டேப்பைவிட அதிகப் பலன் தரும்.

டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டக் கூடாது. இழுபட்ட டேப் சுருங்கப் பார்க்கும். அதனால் முனைகள் தாமாகவே கிளம்பும். பெட்டியின் இரு பக்கங்களிலும் 6 சென்டிமீட்டராவது மடிந்து இறங்க வேண்டும். டேப்பை நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும்; முனையிலிருந்து உரித்தால் தாங்காது. முனை குட்டையாக இருந்தால் லோடுமேனின் கை பட்டதுமே உரியத் தொடங்கிவிடும்.

பெட்டியில் சரக்கைத் திணிக்கவும் கூடாது. மூடி எழும்பிக்கொண்டிருந்தால், இரவு முழுவதும் அது டேப்பை உரித்துக்கொண்டே இருக்கும். மாலையில் நன்றாக இருந்த பெட்டி காலையில் பிரிந்திருப்பதற்கு இதுவே காரணம். மேலும், ஒட்டிய டேப்பின் பிடிப்பு நேரம் ஆக ஆகக் கூடும். எனவே முடிந்தவரை முந்தின நாளே ஒட்டி வைத்து மறுநாள் லோடு ஏற்றுவது நல்லது.

கணக்கையும் பார்ப்போம். 65 மீட்டர் ரோல் ஒன்று. பெட்டியின் நீளம் 40 சென்டிமீட்டர். இரு பக்க மடிப்பும் சேர்த்து ஒரு பட்டைக்கு 52 சென்டிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் ஒரு ரோலில் 62 பெட்டிகள் வரும். நம்பிக்கையில்லாமல் இரட்டைப் பட்டை போட்டால் 31 பெட்டிதான். துடைத்துத் தேய்த்து ஒட்டுபவருக்கும், சுற்றிச் சுற்றி ஒட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாதி ரோல்.

சிக்கனத்திலும் அளவு வேண்டும். அமெரிக்காவில் 3எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் டுரூ என்பவர் 1925இல் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களுக்காக ஒரு டேப் செய்தார். முதலில் செய்ததில் இரு ஓரங்களில் மட்டும் பசை இருந்தது. அது விழுந்துவிடவே, கோபம் கொண்ட பெயிண்டர் ஒருவர், "உங்கள் கஞ்ச முதலாளியிடமே கொண்டுபோய்ப் பசை தடவச் சொல்" என்றாராம். கஞ்சத்தனத்துக்கு அங்கே கிண்டலாகச் சொல்லும் 'ஸ்காட்ச்' என்ற வார்த்தையே அந்த டேப்புக்குப் பெயராக நிலைத்தது என்று சொல்வார்கள். அதே டுரூ 1930இல் கொண்டுவந்த செல்லோபேன் டேப், பலசரக்குக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் பொட்டலம் ஒட்டுவதற்காகவே வந்தது. ஆக, இது பிறப்பிலேயே நம் தொழிலுக்கான சரக்கு.

பட்டாசு விற்பவர்கள் கவனத்திற்கு

மேலே சொன்னவை பொதுவானவை. பட்டாசு சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் சில காரியங்களைச் செய்யவே கூடாது.

ஒட்டாத டேப்பை மெழுகுவர்த்தியில் காட்டியோ, சூடான இரும்பை வைத்தோ ஒட்ட வைக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. சூட்டில் பசை இளகி நன்றாகப் பரவும் என்பது உண்மைதான். பட்டாசு இருக்கும் இடத்தில் அதை நினைக்கவும் கூடாது. தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் திறந்த சுடர் விளக்குகளையே தடுக்கின்றன.

மற்றொன்று பலருக்குத் தெரியாதது. டேப்பை வேகமாக உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. இருட்டறையில் உரித்துப் பார்த்தால் மெல்லிய ஒளி தெரியும். காற்று நீக்கிய பெட்டிக்குள் டேப்பை உரித்தபோது எக்ஸ்ரே கதிரே வந்ததாக 2008இல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் கண்டார்கள். சாதாரணக் காற்றில் எக்ஸ்ரே வராது, நிலைமின்சாரம் உண்டு. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஏற்ற வறண்ட காற்று என்று நம் பகுதியைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த வறண்ட காற்றில்தான் நிலைமின்சாரமும் எளிதில் கசியாமல் தங்கும். அலுமினியத் தூள் கலந்த மருந்துக்குச் சிறு பொறியும் போதும். பட்டாசு ஆலைகளில் பருத்தி உடை உடுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே, பெட்டியிலிருந்து மருந்துத் தூள் சிந்தியிருந்தால் அதன் மேல் டேப் ஒட்டவோ, பழைய டேப்பைப் பிய்க்கவோ, காய்ந்த துணியால் தேய்க்கவோ கூடாது. அந்தப் பெட்டியை இழுக்காமல் மெதுவாகத் தூக்கித் தனியே வைத்து, சப்ளை செய்தவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நல்ல பெட்டியைத் திறப்பதானாலும் டேப்பைச் சர்ரென்று உரிக்காமல் நிதானமாக எடுக்க வேண்டும். கூடுதல் பிடிப்பு வேண்டும் என்றால் டேப்புக்குப் பதிலாகச் சணல் கயிறு போட்டுக் கட்டலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: துடை, இழுக்காமல் ஒட்டு, அழுத்தித் தேய், நேரம் கொடு. பார்சல் போடும் பையனிடம் இந்த நான்கையும் ஒரு முறை செய்து காட்டுங்கள். பட்டாசு இருக்கும் கடையானால் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சூடு காட்டாதே, வேகமாக உரிக்காதே. டேப் பிரிந்தால் போவது சரக்கு, சரக்கை ஈடுகட்டலாம். மற்றதை ஈடுகட்ட முடியாது.