நத்தர்வலி தர்காவும் திருச்சியின் சமய நினைவுகளும்

திருச்சிராப்பள்ளியின் நத்தர்வலி தர்கா, இறைநேசர் எனப்படும் ‘வலி’ ஒருவரின் அடக்கத்தலமாகும். அவர் 11ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து சமயப்பணி ஆற்றியவர் என்பது மரபுச் செய்தி. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்னும் ‘தவ்ஹீது’ கோட்பாட்டை வலியுறுத்துவோர், அடக்கத்தலத்தில் வேண்டுதல் செய்வது அதற்கு முரணானது என்கின்றனர். தர்கா மரபினரோ, வேண்டுதல் இறைவனிடமே செல்கிறது, வலியார் அவனிடம் பரிந்துரைப்பவர் மட்டுமே என்று விடையளிக்கின்றனர்.

ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகப் போரிட்டு 1752இல் கொல்லப்பட்ட சந்தா சாகிபும், அவருடைய எதிரியாக வென்று 1795இல் மறைந்த முகமது அலி வாலாஜாவும் இதே வளாகத்தில் அடங்கியிருப்பது, வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்றென்றே கூறலாம்.

காவிரிக்கு அப்பால் திருவரங்கம் வேறுவகை நினைவைக் காக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் தில்லிப் படைகளின் தாக்குதலுக்கு உள்ளான அரங்கநாதர் கோயிலில், அரங்கன்மேல் காதல்கொண்ட சுல்தான் மகளாகக் கருதப்படும் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி உண்டு. இக்கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லையெனினும், படையெடுப்பின் வடுவை உறவாக மாற்றிக்கொண்ட சமூக மனம் அதில் தெளிவாகவே வெளிப்படுகிறது. நாச்சியாரின் பிறப்பை மதித்து, அங்கே ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன.