மகளிர் வாழ்வாதார மானியமும் பேரிடர் மீட்சியும் (தமிழ்நாடு)

மகளிர் வாழ்வாதார மானியம் என்பது பெண்கள் தொழில் தொடங்குவதற்கோ, இழந்த தொழிலை மீண்டும் நடத்துவதற்கோ வழங்கப்படும் நிதியுதவி ஆகும். இது பேரிடர் நிவாரணத் தொகையிலிருந்து வேறுபட்டது. நிவாரணம் உணவு, உடை போன்ற உடனடித் தேவைகளுக்கானது. மானியம் வருவாய் ஈட்டுவதற்கான முதலாக அமைவது.

பின்னணி

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1992 இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் பேரிடர் மீட்புக்கான நிதியும் இக்குழுக்களின் வழியாகவே வழங்கப்பட்டது.

ஆழிப்பேரலைக்குப் பின்

டிசம்பர் 26, 2004 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின், மீன்பிடித் தொழிலின் இழப்பு பெரும்பாலும் படகு, வலை, இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்பட்டது. இவற்றின் உரிமையாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூடையில் மீன் விற்ற பெண்களும் கருவாடு உலர்த்திய பெண்களும் இழந்தது கைமுதலும் பாத்திரங்களுமே ஆகும். அவற்றுக்கு உரிமை ஆவணம் எதுவும் இல்லாததால், அவர்களது இழப்பு எளிதில் கணக்கில் வரவில்லை.

இக்குறையைக் களைவதில் குழுவழி நிதியுதவி முக்கிய பங்கு வகித்தது. அனைத்துலக வேளாண்மை வளர்ச்சி நிதியம் ஆதரித்த, ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிலைத்த வாழ்வாதாரத் திட்டம் 2007 இல் நடைமுறைக்கு வந்தது. திருவள்ளூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரி உள்ளிட்ட கடலோர மாவட்டங்களில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதனைச் செயற்படுத்தியது.

செயற்படும் முறை

நிதி பொதுவாக ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்புக்கு மானியமாக வழங்கப்படும். கூட்டமைப்பு அதனை உறுப்பினர்களுக்குக் குறைந்த வட்டியில் கடனாக அளிக்கும். எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் மானியத்தை ஐவருக்குத் தலா 10,000 ரூபாய் வீதம் வழங்கினால், அவர்கள் திருப்பிச் செலுத்தும் தொகை அடுத்த ஐவருக்குச் செல்லும். அதாவது, கூட்டமைப்புக்கு மானியமாக இருப்பது உறுப்பினருக்குக் கடனாகிறது. ஒரு முறை வந்த பணம் ஊரிலேயே சுழல்கிறது. உடல்நலக் குறைவு, திடீர்ச் செலவு போன்ற நெருக்கடிகளுக்கு நலிவு நிலை குறைப்பு நிதி பயன்படுகிறது.

2020 இல் கொரோனா முடக்கத்தின்போது, உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஊரகப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 300 கோடி ரூபாய் சிறப்பு நிதியுதவித் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் பின்னர் 'வாழ்ந்து காட்டுவோம்' எனப் பெயர் பெற்றது.

நகர்ப்புறங்களில்

ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த பட்டாபிராம் போன்ற புறநகர்ப் பகுதிகள் ஊரகத் திட்டங்களின் எல்லைக்குள் வருவதில்லை. நகர்ப்புறக் குழுக்களுக்கென 2013 இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், குழு ஒன்றுக்கு 10,000 ரூபாய் சுழல் நிதி வழங்கியது. டிசம்பர் 2023 இல் மிக்சாம் புயல் வெள்ளத்துக்குப் பின், ஆவடி உள்ளிட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்டது. இது குடும்பத்துக்கான நிவாரணமே. நனைந்து பழுதான தையல் இயந்திரத்துக்கோ, இட்லிக் கடையின் கைமுதலுக்கோ என அது தனியே கணக்கிடப்பட்டதன்று.

வரம்புகள்

குழுவழி நிதி, குழுவில் சேராத பெண்களைச் சென்றடைவதில்லை. அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடியினரும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் குழுவில் தொடர்ந்து இருப்பது கடினம். மேலும், பேரிடருக்குப் பின் புதிதாகக் குழு அமைத்துச் சேமிப்பைத் தொடங்கி நிதிபெறச் சில மாதங்கள் ஆகும். ஆகவே, பேரிடருக்கு முன்னரே இயங்கிவரும் குழுக்கள் உள்ள இடங்களில் இம்முறை விரைவாகப் பயனளிக்கிறது.