ஃபிலிமா, டிஜிட்டலா?

சுவரில் மாட்டும் பெரிய படம் கூர்மையாக அமைய எது சிறந்தது? ஃபிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் ஒளியைப் பதிகின்றன. டிஜிட்டலில் பிக்சல்கள் பதிகின்றன. எதையும் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கினால் தெளிவு குன்றும்.

35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அகலம் 36 மி.மீ. மட்டுமே. அதை 20 அங்குலமாக்க 14 மடங்கு பெருக்க வேண்டும்; துகள்கள் கண்ணில் படும். அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் புகழ்பெற்ற நிலவுதயக் காட்சியை 10 × 8 அங்குல ஃபிலிமில் எடுத்தார். அதற்கு இரண்டு மடங்கே போதும். 6000 × 4000 பிக்சல் படமோ, அங்குலத்திற்கு 300 வீதம், சரியாக 20 அங்குலம் வரும்.

ஆகவே, விலையுயர்ந்த காமிரா இல்லையே என ஏங்க வேண்டாம். படத்தின் அளவை முதலில் தீர்மானிப்போம். முக்காலியில் காமிராவை அசையாமல் நிறுத்துவோம். கை நடுங்கினால் எக்கருவியும் உதவாது. கருவி பாதி, கவனம் பாதி!