பப்பாளியை காப்பாற்றிய 'வைரஸ் துண்டு'! செல்லுக்குள் நடக்கும் வெட்டு குத்து

அமெரிக்காவின் ஹவாய் தீவில் பூனா என்று ஒரு பகுதி. அந்த மாநிலத்து பப்பாளியில் 100-க்கு 95 பங்கு இங்குதான் விளைந்தது. 1992-ம் ஆண்டு அங்கே வளையப்புள்ளி வைரஸ் புகுந்தது. இலை சுருங்கி, காயில் வளையம் வளையமாக புள்ளி விழுந்து, மரம் நொடித்துப் போனது. பரப்புவது அசுவினி பூச்சி. நோய் மரத்தில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்தில் வாய் வைத்தால் போதும், கதை முடிஞ்சது. விவசாயிகள் தோப்பு தோப்பாக வெட்டி சாய்த்தார்கள். 1998-க்குள் விளைச்சல் பாதியாக சரிந்தது.

இதற்கு வழி கண்டவர் டென்னிஸ் கோன்சால்வஸ். ஹவாய்க்காரர். கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானி. நல்லவேளை, பூனாவுக்கு நோய் வருவதற்கு முன்பே இவரது குழு வேலையை தொடங்கி இருந்தது. வைரசின் மேலுறையை உருவாக்கும் ஜீனை மட்டும் எடுத்து, நுண்ணிய உலோக துகளில் தடவி, 'ஜீன் துப்பாக்கி'யால் பப்பாளி செல்லுக்குள் சுட்டார்கள்.

வைரசையே உள்ளே விடுவதா? முழு வைரஸ் இல்லை, ஒரு துண்டுதான். அதனால் நோய் வராது. ஆனால் செல் உஷாராகி விடும். அந்த ஜீனில் இருந்து வரும் ஆர்.என்.ஏ.வை சுமார் 21 எழுத்து நீள துண்டுகளாக நறுக்கி வைத்துக் கொள்ளும். போலீஸ் ஸ்டேஷனில் திருடன் போட்டோ ஒட்டி வைப்பாங்களே, அது மாதிரி. நிஜ வைரஸ் நுழைந்ததும் போட்டோவோடு ஒத்துப் பார்த்து, அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டிப் போட்டு விடும். ஒன்று நூறாக பெருகினால்தானே நோய்? பெருக விடுவதே இல்லை. இதுதான் 'ஜீனை ஊமையாக்கும்' வித்தை. இது எப்படி நடக்கிறது என்று புழுவில் கண்டுபிடித்த பயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1998 மே மாதம் 'ரெயின்போ' பப்பாளி விதை இலவசமாக வினியோகிக்கப்பட்டது. தோட்டங்கள் மீண்டும் தலையெடுத்தன. இயற்கை விவசாயிகள் மகரந்தம் கலந்துவிடும் என்று எதிர்த்தார்கள். அந்த பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஜப்பான் 2011-ல்தான் இந்த பழத்தை உள்ளே விட்டது.

நம்ம ஊர் பப்பாளியையும் பாடாய் படுத்துவது இதே வைரஸ்தான். அந்த விதையை வாங்கி போட்டால் என்ன? நடக்காது. போட்டோ ஹவாய் வைரசுடையது. வேறு நாட்டு வைரஸ் கொஞ்சம் முகம் மாறி இருந்தாலும் தப்பித்து விடும். தவிர, மரபணு மாற்றிய பப்பாளிக்கு இந்தியாவில் அனுமதியும் கிடையாது. இங்கே இப்போதைக்கு, நோய் கண்ட மரத்தை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும். தோட்டத்தை சுற்றி மக்காச்சோளம் விதைத்தால் அசுவினி வரத்து குறையும். பக்கத்தில் பூசணி, வெள்ளரி போடக்கூடாது.