இளம் வாசகர்க்கான மிகுபுனைவுத் தொடர்நூல் தேர்வு: கம்போங் மேடான் சூழலை முன்வைத்து

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழ்வழிக் கல்வி பெற்ற மாணவர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்பொழுது பயிற்றுமொழி மலாய்மொழியாக மாறுகின்றது. தமிழ் ஒரு பாடம் என்னும் அளவில் சுருங்கிவிடுகின்றது. அப்பாடமும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொள்ளும் நிலையிலேயே நடத்தப்படுவதாகும். இக்காலக்கட்டத்தில்தான் பலர் பாடநூலுக்கு அப்பால் தமிழில் வாசிப்பதை நிறுத்திவிடுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். இவ்விடைவெளியைக் கடப்பதற்கு மிகுபுனைவுத் தொடர்நூல்கள் ஒரு பாலமாக அமையக்கூடும் என்பது நம் கருத்து. மாயமும் மந்திரமும் இயல்பாக நிகழும் உலகைப் படைத்துக்காட்டும் கதைகளையே இங்கு மிகுபுனைவு எனக் குறிப்பிடுகின்றோம். அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதனைப் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் சூழலை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

மரபின் தொடர்ச்சி

மிகுபுனைவு மேலைநாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்னும் எண்ணம் ஆசிரியரிடையேயும் உண்டு. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் வழங்கிய மொழியில் அவ்வெண்ணம் பொருந்தாது. 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘அம்புலிமாமா’, வேதாளக் கதைகளை இதழ்தோறும் வெளியிட்டு ஒரு தலைமுறையையே அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்தது. வாண்டுமாமாவின் கதைகளும் அவ்வழியில் வந்தவையே.

இம்மரபு அறிந்த ஆசிரியர்க்குப் புதிய நூல்களும் அந்நியமாகத் தோன்றா. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனை நாம் பாட்டியரின் கதைகளில் கேட்டிருக்கின்றோம். ஹாரி பாட்டர் வரிசையில் வோல்டமார்ட் தன் ஆன்மாவைக் கூறுபோட்டுப் பல பொருள்களில் ஒளித்துவைப்பதும் அதே கதைக்கூறேயாகும். இவ்விரண்டையும் ஒப்பிடச் செய்வது இடைநிலைப்பள்ளி வகுப்பில் நல்லதொரு கலந்துரையாடலுக்கு வழிவகுக்கும்.

தேர்வுக்கான அளவுகோல்கள்

முதலாவது, வாசகரின் வயதும் நூலின் அளவும் ஒருங்கே வளரவேண்டும். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு நூல்களும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. பதினொரு வயதில் அறிமுகமாகும் நாயகன் பதினேழாம் வயதில் கதையை நிறைவு செய்கின்றான். இது நம் மாணவர் ஐந்தாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை கடக்கும் பருவத்தோடு ஏறத்தாழ ஒத்துள்ளது. ஆங்கில மூலத்தில் முதல் நூல் ஏறக்குறைய 77,000 சொற்களைக் கொண்டது. ஐந்தாம் நூலோ 250,000 சொற்களைக் கடந்தது. பிற்பகுதி நூல்களில் மரணமும் இழப்பும் மிகுதி. ஆகவே, வரிசை முழுவதையும் ஒரே வயதினர்க்கு உரியதாகக் கொள்ளலாகாது. வாசிக்கும் வரிசையும் கருதத்தக்கது. நார்னியா வரிசையின் ஏழு நூல்கள் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. இன்றைய பதிப்புகள் கதைநிகழ் காலப்படி எண்ணிடப்படுவதால் 1955இல் வந்த நூல் முதலாவதாக நிற்கின்றது. மாய உலகினுள் வாசகரைப் படிப்படியாக அழைத்துச்செல்வது 1950இல் வந்த நூலேயாதலின், அதனையே முதலில் வழங்குதல் நன்று.

இரண்டாவது, மொழிபெயர்ப்பின் தரம். பி.எஸ்.வி. குமாரசாமியின் தமிழாக்கமாகிய ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்னும் தலைப்பே இதற்குச் சான்றாகும். ரசவாதம் என்பது சித்தர் மரபில் வேரூன்றிய சொல். தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் கலையை அது குறிக்கும். மூலத்தின் சொல்லை நேராகப் பெயர்க்காமல், அதன் பொருளைத் தமிழ் மரபிலிருந்தே எடுத்தாண்டமையால் தலைப்பு உயிர்பெறுகின்றது. ஒரு நூலை வாங்குமுன் அதன் உரையாடல் பகுதியில் இரு பக்கங்களை உரக்கப் படித்துப் பார்த்தல் எளிய சோதனையாகும். படிக்கும்பொழுது நா தடுமாறினால் மாணவரும் அங்கே நின்றுவிடுவர்.

மூன்றாவது, அக்கதையுலகம் ‘பிறரை’ எவ்வாறு நோக்குகின்றது என்பது. கம்போங் மேடானைப் பொறுத்தவரை இதுவே தலையாய அளவுகோல். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய இப்பகுதி, புறம்போக்குக் குடியிருப்புகளும் மலிவுவிலை அடுக்குமாடிகளுமாக வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரை நாடிய இந்தியத் தொழிலாளர் குடும்பங்களும் இங்குக் குடியேறின. 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவ்வட்டாரத்தில் இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே மூண்ட மோதலில் அறுவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அதனைக் கண்டிராத தலைமுறையே இன்று வகுப்பறையில் அமர்ந்துள்ளது. எனினும், ஓர் இனம் முழுவதுமே தீயது என்னும் கற்பனை இத்தகைய மண்ணில் வெறுங்கற்பனையாக நின்றுவிடும் என நாம் உறுதிகூற இயலாது.

இந்நோக்கில் புகழ்பெற்ற நூல்களும் ஆராயத்தக்கவை. டோல்கீனின் படைப்பில் ‘ஓர்க்’ என்னும் இனமே தீமையின் படையாகக் காட்டப்படுகின்றது. 1954இல் வந்த நார்னியா நூலில், தலைப்பாகை அணிந்த கருநிற மக்கள் பகைநாட்டினராக வருகின்றனர். இது பலரின் கண்டனத்திற்கு உள்ளானது. மாறாக, 1968இல் தொடங்கிய உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ வரிசையின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அவன் இறுதியில் எதிர்கொள்ளும் பகை, அவனே கட்டவிழ்த்துவிட்ட நிழல். ஹாரி பாட்டர் வரிசையோ குருதித் தூய்மை பேசுவோரையே தீயோராகக் காட்டுகின்றது. குறையுள்ள நூல்களை விலக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவற்றை ஆசிரியர் துணையோடு வினா எழுப்பி வாசிக்கச் செய்யவேண்டும் என்பதே நம் பரிந்துரை.

தமிழில் கிடைப்பவையும் குறையும்

தொடர்நூலுக்கு முன்படியாகச் சிறுநூல்கள் உதவும். எஸ். ராமகிருஷ்ணனின் ‘ஏழுதலை நகரம்’, கீழடிக் காலத்தோடு இன்றைய சிறுவனை இணைக்கும் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் மரப்பாச்சியின் வழியே குழந்தைப் பாதுகாப்பைப் பேசுகின்றது. ஆசிரியர் முன்னரே படித்தபின் வழங்குதல் வேண்டும். நம் நாட்டில் கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ முதலிய சிறுவர் மர்ம நாவல்களைப் படைத்துள்ளார். எனினும், அடுக்குமாடியின் மின்தூக்கியிலிருந்து மாய உலகிற்குச் செல்லும் ஒரு நெடுந்தொடர் மலேசியத் தமிழில் வளர வேண்டியுள்ளது. தம் வாழிடமும் வியப்புக்குரியது என்பதை உணரும் சிறார் அம்மொழியை எளிதில் கைவிடார்.

முடிவுரை

பள்ளி நூலகத்தின் நிதி சிறிது. ஏழு நூல்கள் அடங்கிய ஒரு தொகுதியை வாங்கி அலமாரியில் அடுக்குவதைவிட, முதல் நூலில் ஐந்து படிகளை வாங்குதல் பயனுடையது. ஐவர் ஒருங்கே படித்தால் பேச்சு பிறக்கும். அப்பேச்சே இரண்டாம் நூலைக் கேட்கவைக்கும். முதல் இயலை ஆசிரியர் வகுப்பில் வாய்விட்டுப் படித்து, கதை சூடேறும் இடத்தில் நிறுத்துவாராயின் எஞ்சிய பணியை நூலே செய்துவிடும். முதலாம் படிவத்தில் தானே விரும்பி அடுத்த நூலைத் தமிழில் தேடும் மாணவர் ஒருவர் உருவாவாரெனில், நம் தேர்வு அதன் நோக்கத்தை எய்தியது எனலாம்.