பிடித்த புத்தகங்கள் எந்த வழியாக வந்தன?

பிடித்த புத்தகங்களைப் பட்டியல் போடச் சொன்னால் எல்லாரும் உற்சாகமாகப் போட்டுவிடுவோம். அது நம் ரசனைக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ் மாதிரி. ஆனால் என் பட்டியலைப் பார்த்தால், சின்ன வயசில் நானாகத் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. அம்புலிமாமா, இரும்புக்கை மாயாவி, பொன்னியின் செல்வன், பெரெல்மானின் பொழுதுபோக்கு பௌதிகம். இந்த நாலும், யார் யாரோ அவரவர் காரணத்துக்காகச் செய்த வேலையால், 80களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்த என் கைக்கு வந்தவை. அவை வந்த வழியைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

தீர்ந்துபோகாத வேதாளம்

அம்புலிமாமா 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கியது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் ஆரம்பித்தார்கள். 'மாயா பஜார்' எடுத்த அதே விஜயா காரர்கள்தான். அதில் எல்லாரும் முதலில் புரட்டுவது விக்கிரமாதித்தன், வேதாளம் கதையைத்தான். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு ராஜா நடக்கும் அந்தப் படம் ஓவியர் சங்கர் வரைந்தது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வேதாளத்துக்கு எத்தனை கதைதான் தெரியும்? சமஸ்கிருத மூலத்தின் பெயரே வேதாள பஞ்சவிம்சதி, அதாவது இருபத்தைந்து கதை. மாசத்துக்கு ஒன்று என்றால் ரெண்டு வருஷத்தில் முடிந்திருக்க வேண்டும். அம்புலிமாமாவில் அது பல பத்தாண்டுகள் ஓடியது. எப்படி? கதை தீர்ந்த பிறகும் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ராஜா பிணத்தை இறக்குவார், வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி, ராஜா பதில் சொன்னதும் மறுபடி மரத்துக்கு. நடுவில் எந்தக் கதையையும் செருகலாம், முடிவில் ஒரு தர்மசங்கடம் இருந்தால் போதும். எங்கள் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம். ஒரு கதையை ரெண்டு பக்கமும் வாதாடலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

சிவகாசி வழியாக ஓர் இங்கிலாந்துக்காரன்

முத்து காமிக்ஸ் 1972ல் சிவகாசியில் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. ஏன் சிவகாசி? தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் அங்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. மாயாவியின் மூலம் 1962ல் வேலியன்ட் என்ற இங்கிலாந்துச் சிறுவர் பத்திரிகையில் வந்த தொடர். வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். ஆக, லண்டன் பத்திரிகை, ஸ்பெயின் ஓவியம், சிவகாசி அச்சு. எங்களுக்கோ அவன் பக்கத்து ஊர்க்காரன். அத்தை பையன் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்களை, அட்டை மடங்காமல் திருப்பித் தரணும் என்ற நிபந்தனையில் வாங்கிப் படித்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மாயாவிக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

பைண்டு செய்த பொன்னியின் செல்வன்

பொன்னியின் செல்வன் 1950லிருந்து 1954வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. எங்கள் வீட்டுப் பிரதி கடையில் வாங்கியது இல்லை. வாராவாரம் கிழித்து, சேர்த்து, கலிக்கோ துணி போட்டு பைண்டு செய்தது. மணியம் ஓவியங்களோடு, பின்பக்கத்தில் அந்தக் காலத்து விளம்பரங்களோடு இருந்தது. அந்தப் பைண்டு இல்லாமல் போயிருந்தால் அந்த வயசில் அது என்னிடம் வந்திருக்காது.

பைண்டு செய்த தொடரைப் படிப்பது தனி அனுபவம். அத்தியாயம் முடியும்போதெல்லாம் யாராவது ஆபத்தில் மாட்டுவார்கள், அல்லது இருட்டில் ஒரு குரல் கேட்கும். வாசகரை ஒரு வாரம் காக்க வைக்க வேண்டியிருந்ததால் வந்த உத்தி அது. அதையே அடுத்தடுத்துப் படிக்கிற பையனுக்கு என்ன ஆகும்? விளக்கை அணைக்க முடியாது. இன்று எல்லாக் கடையிலும் மலிவுப் பதிப்பு கிடைக்கிறதே என்பீர்கள். கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999ல் நாட்டுடைமை ஆக்கியதால் வந்தது அது. வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுத்துவிடும், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

மாஸ்கோவிலிருந்து பௌதிகம்

நாலாவதுதான் என்னை இன்ஜினியரிங் பக்கம் தள்ளியது. யாக்கோவ் பெரெல்மான் 1913ல் ரஷ்ய மொழியில் எழுதிய புத்தகம். அவர் 1942ல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்துபோனார். அவருடைய புத்தகம் பல பத்தாண்டுகள் கழித்து, சோவியத் பதிப்பகம் வழியாகத் தமிழில் வந்தது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோவுக்கே போய் உட்கார்ந்து மொழிபெயர்த்த காலம் அது. இங்கே விற்றது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம். கெட்டி அட்டை, நல்ல தாள், கைச்செலவுக் காசில் வாங்குகிற விலை. சோவியத் அரசு மானியம் தந்ததால்தான் அந்த விலை. அவர்களுக்கு அது அரசியல், எனக்கு அது பௌதிகம்.

இப்போது மாயாவியிடம் திரும்பலாம். எச்.ஜி. வெல்ஸ் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் நாவலை எடுத்துக்கொண்டு பெரெல்மான் ஒரு கேள்வி கேட்கிறார்: மறைந்த மனிதனுக்குக் கண் தெரியுமா? தெரியாது. ஒருவன் மறைய வேண்டுமானால், உடம்பு ஒளியை வளைக்கவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. காற்றைப் போலவே அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆனால் பார்ப்பது என்றால் என்ன? கண்ணின் லென்ஸ் ஒளியை வளைத்து விழித்திரையில் பிம்பமாக விழவைக்கணும், விழித்திரை அதை உறிஞ்சிக்கொள்ளணும். ரெண்டும் நடக்காவிட்டால் பார்வை இல்லை. ஆக, மறைந்தவன் குருடன்.

என் மாயாவி குருடன்! அந்த வயசில் அது சாதாரண அதிர்ச்சி இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் மாயாவியை விடவில்லை. கதையை நம்பவும் செய்யலாம், சோதித்தும் பார்க்கலாம், ரெண்டும் ஒரே தலைக்குள் இருக்கலாம் என்று புரிந்தது. லண்டனிலிருந்து கிளம்பிய ஒன்றும் லெனின்கிராடிலிருந்து கிளம்பிய ஒன்றும் ஒரே திண்ணையில் சந்தித்ததால் நடந்தது அது. ஒரே வழியாக மட்டும் புத்தகம் வந்திருந்தால் நடந்திருக்காது.

நின்றுபோன வழிகள்

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அதோடு மாஸ்கோவிலிருந்து தமிழ்ப் புத்தகம் வருவதும் நின்றது. என் சித்தி பையன் எனக்கு எட்டு வயசு சின்னவன். என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் படிக்கிற வயசுக்கு வந்தபோது அந்த விலையில், அந்த மாதிரி அறிவியல் புத்தகம் எங்கள் ஊருக்கு வரவில்லை. அம்புலிமாமாவும் பின்னால் நின்றுபோனது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க படிக்கிறதே இல்லை" என்று சொல்லும்போது, என்ன வந்து சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் இருக்கிற வழி ஒன்று உண்டு: கிளை நூலகம். எங்கள் பைண்டில் காணாமல்போன அத்தியாயங்களை நான் படித்து முடித்தது அங்கேதான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் யாருடைய தயவிலும் நடக்கக்கூடாது என்பதற்காக அந்தச் சட்டத்திலேயே ஒரு வரியைச் சேர்த்தார்கள். இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா அதற்குப் போகிறது.

பதிப்பாளரின் லாபமோ வேறொரு நாட்டின் அரசியலோ இல்லாமல், நம் காசில் நடக்கிற வழி இது ஒன்றுதான். சொந்த வீடு இருந்தால் சொத்து வரி கட்டுகிறீர்கள், நூலக வரி அதோடு சேர்ந்தே போகிறது. காசு கட்டியாச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், சிறுவர் அலமாரியில் என்ன இருக்கிறது, எந்த வருஷத்துப் புத்தகம் என்று பாருங்க. நல்லா இல்லைன்னா நூலகரிடம் கேளுங்க. கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.