செல்பேசியில் மனநல வைத்தியம்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புத் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். நூல் பட்டுவாடாப் பேரேட்டில் ஓர் அங்கத்தினர் பெயருக்கு நேரே, வாங்கிய பாவு மூன்று மாதங்களாகச் சேலையாகத் திரும்பாமல் நின்றது. இருபது ஆண்டுகளாகத் தவணை தவறாமல் சரக்கு ஒப்படைத்து வந்தவர் அவர். நூலை வெளியே விற்றுவிட்டாரோ என்று காரியதரிசி ஐயுற்றார். நேரில் பார்ப்பதே முறை என்று அவர் இல்லத்திற்குச் சென்றோம். பாவு தறியிலேயே இருந்தது. இரண்டு முழம் நெய்த நிலையில் அதன்மேல் தூசி படிந்திருந்தது. அவரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “இராத்திரி தூக்கமே இல்லை, ஐயா. சோறும் இறங்குவதில்லை. நாடாவைக் கையில் எடுத்தாலே அழுதுவிடுகிறார்” என்றார் அவர் மனைவி.

வைத்தியம் பார்க்கவில்லையா என்று வினவினோம். பார்த்திருக்கிறார்கள். மகன் செல்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, ஆறு மாதக் கட்டணத்தையும் ஒரே தவணையில் செலுத்தியிருந்தான். எழுத்து வடிவில் சில கேள்விகள் வந்தன; பதில் அனுப்பினார்கள்; பிறகு மாத்திரைப் பொட்டலம் ஒன்று வந்து சேர்ந்தது. எந்த வைத்தியரும் முகம் காட்டவில்லை. கட்டிய பணத்திற்கு ரசீது இல்லை. மருந்துச் சீட்டு என்ற பெயரில் ஒரு தாள் இருந்தது. அதில் வைத்தியர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. கணக்குப் பார்த்தே பழகிய நமக்கு, வவுச்சர் இல்லாத செலவைக் கண்டாற்போல் மனம் துணுக்குற்றது.

இதைக் கொண்டு, தொலைவிலிருந்து செய்யும் மனநல வைத்தியம் அனைத்துமே ஏமாற்று என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. அதனுள் அமைந்த திரை வழியாக நோயாளிகள் மனநல வைத்தியரோடு பேசினார்கள். மருந்தும் அங்கேயே கிடைத்தது. வைத்தியர் இருக்கும் நகரத்திற்கு ஒரு நாள் கூலியை இழந்து போகவேண்டிய ஏழைக்கு இது பேருதவியன்றோ? பின்னர் மத்திய அரசாங்கம் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தொலைமருத்துவத்திற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றைச் சிறிதேனும் அறிந்திருந்தால் அந்த மகன் ஏமாந்திருக்க மாட்டான்.

முதலாவது, எதிர்முனையில் இருப்பவர் யார் என்பது. வைத்தியர் தம் பெயரையும் படிப்பையும் நோயாளிக்குச் சொல்லவேண்டும். மருந்துச் சீட்டிலும் கட்டண ரசீதிலும் அவருடைய பதிவு எண் இருக்கவேண்டும். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். சங்கத்தில் பத்து ரூபாய்க்கும் ரசீது கேட்கிறவர்கள் இங்கே ஏன் கூச வேண்டும்? மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநோய் மருத்துவமும் பயின்றவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. மனநல உளவியலாளர் பேச்சின் வாயிலாகச் சிகிச்சை தருபவர். அதுவும் பயன் மிக்கதே, ஆனால் அவர் மருந்து எழுதலாகாது. வெறும் ‘ஆலோசகர்’ என்ற பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம். மனிதரே இல்லாமல் இயந்திர அறிவே பதில் சொல்லும் இடங்களும் இப்போது மலிந்துள்ளன. இயந்திரம் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்து எழுதுவதையும் மேற்சொன்ன நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை.

திரையில் முகம் தெரியும். நாடி பிடிக்க முடியாது. தைராய்டு சுரப்பிக் குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோற்றமளிப்பதுண்டு. ஆகையால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அல்லது ஒருமுறை நேரில் வாருங்கள் என்று வைத்தியர் சொன்னால், தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்கக் கூடாது. லித்தியம் போன்ற சில மருந்துகளுக்கு அவ்வப்போது இரத்தம் பார்த்தே தீரவேண்டும். போதைப்பொருள் சட்டத்திற்குட்பட்ட மருந்துகளில் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து எழுதித் தர அனுமதியில்லை. ‘எந்தத் தூக்க மாத்திரையும் அனுப்புகிறோம்’ என்போரை அணுகாதிருப்பதே நலம். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். அதற்கு மருத்துவமனையே ஏற்ற இடம். உண்டுவரும் நாட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போன்றதன்று. குணம் தெரியப் பல வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகளோ முதலிலேயே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை வீசிவிடுகின்றனர். குணமானதும் தாமாகவே சட்டென நிறுத்துவதும் தவறே.

இனி, எங்கே அமர்ந்து பேசுவது? ஒற்றை அறையில் தறியும் அடுப்பும் தொட்டிலும் இருக்கும் வீட்டில் ஒருவர் தம் துயரத்தை எப்படிச் சொல்வார்? சங்கத்து அலுவலக அறையைத் தருவதாக நாம் அந்த நெசவாளரிடம் சொன்னோம். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார். யோசித்துப் பார்க்கையில் அவர் செய்ததே சரி. அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனவர் யார் என்பதை மாலைக்குள் தெரு முழுவதும் அறிந்துவிடும். முடிவில், அவர் மைத்துனரின் நிலக்கடலைக் காட்டில் இருந்த மோட்டார் கொட்டகை பயன்பட்டது. அங்கே அலையும் நன்றாகக் கிடைத்தது. மனநோயாளியின் விவரங்களை இரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி வைத்தியரின் கடமை. ஆனால் குடும்பத்துக்கே ஒரு செல்பேசி உள்ள வீட்டில் சட்டம் எட்டாது. மருந்துச் சீட்டை எவர் கையிலுள்ள கருவிக்கு அனுப்பச் சொல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

பேச்சின் தொடக்கத்தில், நீங்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், அருகில் யார் இருக்கிறார் என்று வைத்தியர் கேட்கக்கூடும். வேவு பார்க்கும் கேள்வியன்று அது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உயிரை வெறுத்துப் பேசினால், தொலைவிலுள்ளவர் யாரை அனுப்புவார்? அத்தகைய நிலையில் திரையை நம்பியிராமல் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நோயாளியைத் தனியே விடலாகாது. விவசாயக் குடும்பங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வைப்பது உயிர்காக்கும் செயலாகும்.

கட்டணம் தர இயலாதோருக்கு 14416 என்ற எண் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. இரவும் பகலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் கேட்பார். தேவையானால் மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பார். மோட்டார் கொட்டகையிலிருந்து நம் நெசவாளர் முதலில் பேசியதும் இந்த எண்ணில்தான். அவர்கள் சொற்படி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒருமுறை நேரில் போனார்; இரத்தம் சோதித்து மருந்து கொடுத்தார்கள். அதன்பின் இடையிடையே திரையில் பார்த்துக்கொள்ள அங்குள்ள வைத்தியர் இசைந்தார்.

தை மாதத்தில் மீண்டும் அச்சங்கத்திற்குப் போனோம். அந்தப் பாவில் முதல் சேலை வரவு வைக்கப்பட்டிருந்தது. மகன் கட்டிய ஆறு மாதப் பணத்திற்காக 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் கொடுக்கச் செய்தோம். ரசீது எங்கே என்று கேட்டார்களாம். பணம் இன்னும் திரும்பவில்லை.